மருமகன் லீவர் றைபிள் வாங்கப் போகிறார், என்ன சொல்வது?

கேள்வி: தம்பலகாமத்தில் இருந்து எழுதுகிறேன். மகள் குடும்பம் கனடாவில், ஒன்ராறியோவில் இருக்கிறது. வருகிற செப்டம்பரில் நானும் மனைவியும் போய் மூன்று மாதம் நிற்கப் போகிறோம். மருமகன் துவக்கு லைசென்ஸ், வேட்டை லைசென்ஸ் இரண்டும் எடுத்து வைத்திருக்கிறார். முயலுக்கும், கௌதாரி மாதிரி ஏதோ ஒரு பறவைக்கும் போக, சின்ன ரவை போடும் லீவர் றைபிள் ஒன்று, அதுதான் விசையைச் சுற்றியுள்ள கைப்பிடியைக் கீழே இழுத்து மூடி ரவை ஏற்றுவது, வாங்குவதாக இருக்கிறார். "மாமா, நீங்கள் பழைய வேட்டைக்காரர், எது நல்லது என்று சொல்லுங்கள்" என்கிறார். நான் பிடித்ததெல்லாம் என் அப்பாவின் பன்னிரண்டாம் நம்பர் ஒற்றைக்குழல் மட்டும்தான். அவர் .22 என்கிறார், மக்னம் என்கிறார், .17 என்கிறார். ஹென்றி, மார்லின், பிரவுனிங் என்று மூன்று பெயர் அனுப்பியிருக்கிறார். எதை எடுக்கச் சொல்வது? இன்னொன்று, திரும்பி வரும்போது அதை இங்கே கொண்டுவர வழி உண்டா? குரங்கும் பன்றியும் வயலில் ஒன்றும் மிச்சம் வைப்பதில்லை.

பதில்: ஐயா, கடிதத்துக்கு நன்றி. உப்புவெளிக்குத் திரும்பி வருவதற்கு முன் நான் ஒன்ராறியோவில் ஒரு துவக்குக் கடையின் பின்பக்கத்தில், திருத்து மேசையில் இருந்தவன். நம்மூர்ப் பிள்ளைகள் பலர் அங்கே வேட்டை லைசென்ஸ் எடுத்த கையோடு கடைக்கு வந்து கேட்ட கேள்விதான் இது. முடிவை முதலில் சொல்லிவிடுகிறேன். சாதாரண .22 லோங் றைபிள் ரவை போடும் துவக்கை எடுக்கச் சொல்லுங்கள். கம்பனிப் பெயர் அதற்குப் பிறகுதான். அதற்கும் முன்னால், சன்னம் போடும் சொட்கன் பிடித்துப் பழகிய உங்கள் கையைப் பற்றிக் கொஞ்சம் பேச வேண்டியிருக்கிறது.

ரவையில் தொடங்குவோம். .22, .17 என்பதெல்லாம் குண்டின் குறுக்களவு, அங்குலக் கணக்கில். .22 லோங் றைபிள் 1887-இல் வந்தது. 40 கிரெய்ன், அதாவது சுமார் 2.6 கிராம் எடையுள்ள ஈயக் குண்டு. வேகமான வகை நொடிக்கு 370, 380 மீற்றர் போகும். 'ஸ்டான்டர்ட்' என்று பெட்டியில் போட்டிருக்கும் வகை ஒலியின் வேகத்துக்குச் சற்றுக் கீழே நிற்கும். கேட்டால் அற்பமாகத் தெரியும். ஆனால் முயல் என்ன, ஒன்றரைக் கிலோ உயிர். 40 மீற்றரில் தலையில் பட்டால் அந்தக் குண்டே தாராளம், இறைச்சியும் முழுதாகக் கிடைக்கும்.

.22 மக்னம் 1959-இல் வின்செஸ்டர் கொண்டுவந்தது. அதே எடைக் குண்டை நொடிக்கு 570 மீற்றர் வேகத்தில் அனுப்பும், அடி இரண்டு மடங்குக்கு மேல். நரிக்கும் ரக்கூனுக்கும் அது நல்லது. முயலின் தோளில் பட்டால் முன்பாதி கறிக்கு ஆகாது. .17 எச்.எம்.ஆர். 2002-இல் ஹோர்னடி கம்பனி கொண்டுவந்தது. மக்னத்தின் வெற்றுறையை வாயில் ஒடுக்கி, 17 கிரெய்ன் குண்டைப் பொருத்தி, நொடிக்கு 775 மீற்றர் வேகத்தில் விடுவார்கள். கோடு போட்டது போல நேராகப் போகும், 100 மீற்றரிலும் குறி தப்பாது. ஆனால் அந்தச் சின்னக் குண்டு பட்ட இடத்தில் வெடித்துச் சிதறும். வயலில் குழி தோண்டும் பிராணிகளைத் தொலைவில் இருந்து சுடுகிறவர்களுக்காகச் செய்தது அது. சட்டிக்குப் போகும் முயலுக்கு வேண்டாம். காசுக் கணக்கும் இருக்கிறது: மக்னமும் .17-உம் ஒரு ரவைக்கு சாதாரண .22-ஐவிட மூன்று நான்கு மடங்கு விலை. ரவை விலை கூடினால் பழக்கம் குறையும். சின்ன வேட்டையில் பழக்கம்தான் எல்லாம்.

ஒன்றை மருமகனிடம் அழுத்திச் சொல்லுங்கள். .22 என்று பெயர் இருக்கிறது என்பதற்காக மக்னம் துவக்கில் லோங் றைபிள் ரவையைப் போடக் கூடாது. மக்னத்தின் அறை அகலம் கூடியது. சின்ன ரவை உள்ளே போகும், வெடிக்கவும் வெடிக்கும், உறை பிளந்து வாயு பின்னால் அடிக்கும். குழலில் என்ன பொறித்திருக்கிறதோ அதுதான் ரவை.

ஏன் லீவர் என்று கேட்டால், உண்மையைச் சொல்கிறேன்: அதே காசுக்கு ஒரு போல்ட் துவக்கு, அதாவது பக்கத்துக் கைப்பிடியைப் பின்னால் இழுத்து ரவை ஏற்றுவது, இன்னும் நேராகச் சுடும். ஆனாலும் லீவரில் ஒரு சுகம் இருக்கிறது. ஒல்லியானது, தோளை விட்டு எடுக்காமலே அடுத்த ரவையை ஏற்றலாம், இடக்கைக்காரருக்கும் தடை இல்லை. 2020 மே மாதத்துக்குப் பிறகு கனடாவில் பல அரைத் தானியங்கித் துவக்குகள் தடைப்பட்டியலுக்குப் போனபோதும் .22 லீவர்களை யாரும் தொடவில்லை. பி.ஏ.எல். என்ற சாதாரணத் துவக்கு லைசென்ஸ் போதும். மருமகனின் ஆசையில் தப்பில்லை.

சரி, மூன்று பெயர்.

ஹென்றி கம்பனி 1997-இல் முதன்முதலாக விற்றது இந்த .22 லீவரைத்தான். எச்001 என்பார்கள். எடை 2.4 கிலோ அளவு, லோங் றைபிள் 15 ரவை பிடிக்கும். லீவர் வெண்ணெய் மாதிரி ஓடும், பெட்டியில் இருந்து எடுத்த முதல் நாளே. மேலே உள்ள கறுப்பு மூடி உருக்கு இல்லை, கலப்பு உலோகம். முன்குறியைப் பிடிக்கும் வளையம் பிளாஸ்ரிக். இதைச் சொல்லிச் சிலர் மூக்கைச் சுளிப்பார்கள். அந்த மூடிக்குள் இருக்கும் பாகங்கள்தான் வேலை செய்கின்றன, அவற்றில் குறை இல்லை. 'கோல்டன் போய்' என்று பித்தளை நிறத்தில் ஒன்று பளபளவென்று நிற்கும். கடைக்கு வருகிறவர்களின் கண் நேரே அங்கேதான் போகும். மூன்று கிலோ எடை, எண்கோணக் குழல், ஸ்கோப் பூட்ட நேரான வழியும் இல்லை. சுவரில் மாட்ட நல்லது. காட்டில் நாள் முழுக்கச் சுமக்க எச்001 போதும்.

பிரவுனிங் பி.எல்.-22 ஜப்பானில் மிரோக்கு தொழிற்சாலையில் செய்கிறார்கள், 1969-இல் இருந்து. எல்லாம் உருக்கும் வால்நட் மரமும். லீவர் 33 பாகை மட்டும் திறந்தால் போதும், விசையும் லீவரோடு சேர்ந்தே இறங்கும். விரல் நசுங்காது, பிடியை விடவும் தேவையில்லை. விலை ஹென்றியைவிடக் கூட. காசு பிரச்சினை இல்லை என்றால் என் கை இதைத்தான் எடுக்கும்.

மார்லின் 39ஏ கதை வேறு. 1891-இல் தொடங்கிய ஒரு வடிவத்தின் வாரிசு அது. 24 அங்குலக் குழல், கனமானது, நம்பிக்கையானது. வலப்பக்கத்தில் பெரிய திருகு ஒன்று இருக்கும். துவக்கின் பின்பக்கத்தில் உள்ள சுத்தியலை இழுத்து வைத்து, காசு ஒன்றால் அதைத் திருகினால் துவக்கு இரண்டாகப் பிரியும். குழலைப் பின்னால் இருந்து துடைக்கலாம். ஹென்றியில் அது முடியாது, வாய்ப்பக்கத்தால்தான் துடைக்க வேண்டும். கம்பி குழல் வாயை உரசித் தேய்த்துவிட்டால் குறி போய்விடும், அதனால் இழுகயிறு போடுவது நல்லது. மார்லினை 2007-இல் றெமிங்ரன் வாங்கியது, 2020-இல் றூகர் வாங்கியது. மருமகன் பழையது ஒன்றைப் பார்த்தால், குழலின் இடப்பக்கத்தில், உடலோடு சேரும் இடத்தில் ஜே.எம். என்ற சின்ன முத்திரை இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். அது கைமாறுவதற்கு முந்தியது. அப்படி ஒன்று நியாய விலைக்குக் கிடைத்தால் மேலே நான் சொன்ன இரண்டையும் மறந்துவிடலாம். வின்செஸ்டர் 9422-உம் இதே தரம். 2005-இல் நிறுத்திவிட்டார்கள், பழையதுக்கு இப்போது தங்க விலை. றொசி என்று பிரேசிலில் இருந்து மலிவாக ஒன்று வருகிறது. சுடும், கரடுமுரடு. அவ்வளவுதான்.

கடையில் நின்று பெயரைப் பார்ப்பதற்கு முன் தோளில் வைத்துப் பார்க்க வேண்டும், அதுவும் கோட்டோடு. இதை யாரும் செய்வதில்லை. ஓகஸ்ட் மாதத்தில் ரீ-சேட்டோடு போய் வாங்குவார்கள், நவம்பரில் தடித்த கோட்டு போட்டதும் பிடங்கு, அதாவது தோளில் வைக்கும் மரப்பகுதி, அக்குளில் சிக்கும். ஹென்றியின் பிடங்கு 14 அங்குல நீளம். மருமகன் குள்ளமான ஆள் என்றால் ஹென்றியின் 'யூத்' மொடலைப் பாருங்கள்; பிடங்கு 13 அங்குலம், 12 ரவை. சிறுவர் துவக்கு என்று வெட்கப்பட ஒன்றும் இல்லை. அப்புறம், உங்கள் கண்ணுக்கு ஒரு குறிப்பு. ஐம்பது தாண்டிய கண்ணுக்குத் திறந்த குறிவெட்டும் முன்முள்ளும் ஒன்றாகத் தெளியாது, ஒன்று கட்டாயம் மங்கும். நான்கு மடங்கு பெருக்கும் சின்ன ஸ்கோப் ஒன்றைப் பூட்டினால் இந்தக் கரைச்சல் இல்லை. எச்001 மூடியிலும் பி.எல்.-22 மேலும் அதற்கான காடி வெட்டியே வரும்.

இனி சொட்கன் கை.

உங்கள் அப்பாவின் பன்னிரண்டாம் நம்பர் சுட்டால் சன்னம் விரிந்து போகும், இருநூறு முந்நூறு மீற்றருக்குள் எல்லாம் விழுந்துவிடும். அதனால்தான் குளக்கட்டில் நின்று மேலே பறப்பதைச் சுட்டுப் பழகியிருக்கிறோம். .22 ரவைப் பெட்டியின் பக்கத்தில் பொடி எழுத்தில் போட்டிருப்பார்கள்: ஒன்றரை மைல் தூரம் ஆபத்து. இரண்டே கால் கிலோமீற்றருக்கு மேல். தம்பலகாமத்தில் உங்கள் வயலில் நின்று சற்று மேல்நோக்கிச் சுட்டால் அந்தக் குண்டு எந்த வீட்டு முற்றத்தில் போய் விழும் என்று நீங்களே கணக்குப் பாருங்கள். ஆகவே றைபிளால் பறப்பதைச் சுடுவதில்லை. ஆகாயம் பின்னணியாக இருக்கும் கிளையில் குந்தியிருப்பதையும் சுடுவதில்லை. முயலுக்குப் பின்னால் மண்திட்டோ சரிவோ இருக்க வேண்டும், இல்லாவிட்டால் விட்டுவிட வேண்டும். உறைந்த நிலத்திலும் தண்ணீரிலும் ஈயக் குண்டு தெறித்துப் பாயும். அங்கே பனிக்காலம் என்பதை மறக்காதீர்கள்.

ஓடும் முயலையும் மறந்துவிடுங்கள். சொட்கனில் முன்னால் குறிவைத்து வீசுவீர்கள், றைபிளில் அது காயப்படுத்தி விடும் வேலை. ஸ்னோஷூ என்ற அந்த ஊர் முயல் கிளப்பினால் சுற்றி ஓடித் தன் இடத்துக்கே திரும்பி வரும் குணம் உள்ளது. குளிரில் வெள்ளையாக மாறிவிடும். பனி விழ முன் மாறிவிட்டால் கபில நிறக் காட்டுக்குள் பஞ்சுப்பொதி மாதிரி தெரியும், அது ஒரு யோகம். நின்ற இடத்தில் நில்லுங்கள். மெல்லச் சீட்டி அடித்தால் சிலவேளை நின்று காதை நிமிர்த்தும். அப்போது தலை.

எவ்வளவு தூரம் என்பதற்கு நான் ஒரே ஒரு முறைதான் சொல்லுவேன். ஐந்து சென்ரிமீற்றர் வட்டம் ஒன்றைக் கடதாசியில் கீறி வையுங்கள். முயலின் தலை அவ்வளவுதான். குந்தியிருந்தோ மரத்தில் சாய்ந்தோ சுட்டு, எந்தத் தூரத்தில் ஐந்து ரவையும் அதற்குள் விழுகிறதோ அதுதான் உங்கள் வேட்டைத் தூரம். பெரும்பாலானவர்களுக்கு அது 30 மீற்றர், கொஞ்சம் பழகியவருக்கு 50. துவக்கை 45 மீற்றருக்குக் குறி கட்டினால் 20-இலும் ஏறக்குறைய அதே இடத்தில்தான் படும். 90-க்குப் போனால் ஒரு சாண் அளவு கீழே இறங்கிவிடும், காற்று வேறு இழுக்கும். ரவையில் மூன்று நான்கு வகை ஒவ்வொரு பெட்டி வாங்கிச் சுட்டுப் பாருங்கள். ஒவ்வொரு குழலுக்கும் ஒவ்வொன்று பிடிக்கும், விலை கூடியதுதான் பிடிக்க வேண்டும் என்றும் இல்லை.

கௌதாரி மாதிரிப் பறவை என்று எழுதியிருந்தீர்கள். அது க்ரௌஸ். கொழுத்த பறவை, நடந்து திரியும், கீழ்க்கிளையில் அசையாமல் நிற்கும். .22-க்கு ஏற்றது, அங்கே சட்டமும் விடுகிறது. ஆனால் புறா வேறு. நம்மூர் மணிப்புறா போல ஒன்று வயல் ஓரங்களில் கூட்டமாக மேயும், கை துருதுருக்கும். அது புலம்பெயர் பறவைப் பட்டியலில் உள்ளது, றைபிளால் சுடவே கூடாது, துவக்கு என்றால் சொட்கன் மட்டும்தான். (நிலாவெளிப் புறாமலையை வெள்ளைக்காரன் சுடுபயிற்சிக்கு வைத்திருந்தான் என்று நாம் கதை சொல்லுவோம். அந்தப் புறாமலையே 2003-இல் தேசியப் பூங்கா ஆகிவிட்டது. காலம் மாறிவிட்டது ஐயா.)

நீங்கள் சுடலாமா? றேஞ்சிலே மருமகன் பக்கத்தில் நின்று நேரடியாகப் பார்த்துக்கொண்டிருக்க, லைசென்ஸ் இல்லாதவரும் அவருடைய துவக்கைச் சுட கனடாச் சட்டம் இடம் கொடுக்கிறது. காட்டிலே வேட்டை என்றால் உங்கள் பெயரில் தனி வேட்டை லைசென்ஸ் வேண்டும். மூன்று மாதத்துக்கு அந்தச் சிரமம் எதற்கு? கடதாசியில் நீங்களும் சுடுங்கள், காட்டில் அவர் சுடட்டும். தடம் பார்க்கிறதும் புதருக்குள் காது தெரிகிறதைக் காட்டிக் கொடுக்கிறதும் உங்களுக்குத் தெரிந்த அளவு அவருக்குத் தெரியாது.

லீவர் .22-இல் எனக்குப் பயம் உள்ள இடம் ஒன்றுதான்: வெறுமையாக்குவது. ரவை எல்லாம் குழலுக்குக் கீழே உள்ள குழாய்க்குள் வரிசையாக இருக்கும். முனையில் உள்ள குமிழைத் திருகிப் பித்தளை உள்குழாயை இழுத்து எடுத்து, துவக்கைச் சரித்தால் ரவைகள் உள்ளங்கையில் கொட்டும். எல்லோரும் அதோடு முடிந்தது என்று நினைப்பார்கள். முடியவில்லை. ஒரு ரவை உள்ளே தூக்கியில் படுத்திருக்கும், இன்னொன்று அறைக்குள் இருக்கலாம். குழலைப் பாதுகாப்பான பக்கம் பிடித்து, லீவரை மூன்று நான்கு முறை முழுதாகத் திறந்து மூடி, பிறகு திறந்து வைத்து அறைக்குள் கண்ணால் பார்த்து, சுண்டுவிரலை நுழைத்துத் தடவிப் பார்க்க வேண்டும். வெறுமை என்று நம்பிக் கொண்டுவந்த துவக்கில் இருந்து என் மேசையில் ரவை பாய்ந்து விழுந்ததுண்டு.

இன்னும் ஒன்று. எச்001-இல் சுடாமல் தடுக்கும் பூட்டு விசை தனியாகக் கிடையாது. இழுத்த சுத்தியலைப் பெருவிரலால் பிடித்துக்கொண்டு விசையை அமத்தி, மெல்ல இறக்க வேண்டும். குளிரில் விறைத்த விரல், கையுறை, ஈரம், இவற்றோடு அது வழுக்கும் காரியம். அதனால் நடக்கும்போது அறையை வெறுமையாகவே வைத்திருங்கள். முயலைக் கண்ட பிறகு லீவரை அடித்தால் போதும், ஒரு நொடி வேலை. காருக்குத் திரும்பினால் குழாயையும் வெறுமையாக்க வேண்டும், ஏனென்றால் ஒன்ராறியோவில் மகசீனில் ரவை இருந்தாலே நிரப்பிய துவக்கு என்றுதான் கணக்கு. சூரிய உதயத்துக்கு அரை மணி முன் தொடக்கம் மறைவுக்கு அரை மணி பின் வரைதான் நேரம். டோர்ச் அடித்து இரவில் பார்க்கும் நம் பழக்கத்தை விமான நிலையத்திலேயே விட்டுவிட்டுப் போங்கள்.

முயல் கிடைத்தால் உரிப்பது நீங்கள்தான் என்று எனக்குத் தெரியும். கையுறை போட்டு உரியுங்கள். அங்குள்ள முயல்களில் துலரேமியா என்று ஒரு காய்ச்சல் கிருமி உண்டு, கையில் உள்ள சின்னக் கீறல் வழியாகவே ஏறும். ஈரலில் வெள்ளைப் புள்ளி தெரிந்தால் முழுதையும் எறிந்துவிடுங்கள். குண்டு போன வழியைச் சுற்றி நன்றாக வெட்டி நீக்குங்கள், ஈயத் துணுக்கு இருக்கும். மிச்சத்தை மகள் வீட்டுச் சட்டியில் நன்றாக வேகவைத்தால் பயம் இல்லை.

இனிக் கடைசிக் கேள்வி. கொண்டு வர வேண்டாம். பாதுகாப்பு அமைச்சின் அனுமதி இல்லாமல் துவக்கோ ரவையோ இந்த நாட்டுக்குள் கொண்டுவருவது சிறைக்குப் போகும் குற்றம். 1916-ஆம் ஆண்டின் சுடுகலன் சட்டம் இன்றும் நடைமுறையில் இருக்கிறது. பயிர்ப் பாதுகாப்பு என்று கச்சேரிக்கு, அதாவது மாவட்டச் செயலகத்துக்கு, விண்ணப்பித்தால் வழக்கமாகக் கிடைப்பது சொட்கன்தான், அதையும் வருடா வருடம் புதுப்பிக்க வேண்டும். சட்டத்தை விடுங்கள், .22 உங்கள் பிரச்சினையைத் தீர்க்கவும் போவதில்லை. காட்டுப்பன்றியின் தோலிலும் கொழுப்பிலும் அந்தக் குண்டு நின்றுவிடும், பன்றி காயத்தோடு ஓடிப் போய் எங்கோ அழுகிச் சாகும், அல்லது அடுத்த வயல்காரன் மேல் பாயும். குரங்கு மரத்தின் மேல் இருக்கிறது, மேல்நோக்கிச் சுடுவதைப் பற்றி மேலே சொல்லிவிட்டேன். மயிலை நினைக்கவே கூடாது. 2025 மார்ச்சில் நாடு முழுக்க ஐந்து நிமிடம் குரங்கும் மயிலும் எண்ணினோமே, அதன் பிறகும் நம் வயலில் ஒன்றும் குறையவில்லை என்ற உங்கள் கோபம் எனக்குப் புரிகிறது. அதற்கு வழி கமக்காரர் அமைப்போடு சேர்ந்து கச்சேரியிலும் வனஜீவராசிகள் திணைக்களத்திலும் முறையிடுவது. கம்பி தட்டினால் தானாக வெடிக்கும் கட்டுத்துவக்குப் பக்கம் மட்டும் போய்விடாதீர்கள், அதில் பன்றி மட்டுமல்ல, ஆளும் விழும்.

திரும்பிப் புறப்படுவதற்கு முதல் நாள் ஒரு வேலை செய்யுங்கள். காட்டுக்குப் போட்டுப் போன கோட்டு, காற்சட்டை எல்லாவற்றின் பைகளையும் வெளியே இழுத்து உதறுங்கள், சப்பாத்துக்குள்ளும் பாருங்கள். .22 ரவை பேனா மூடி அளவுதான், தையலுக்குள் ஒளிந்துவிடும். அது ரொறன்ரோவில் ஸ்கானரில் தெரிந்தால் விமானம் தவறும். கட்டுநாயக்காவில் தெரிந்தால் அன்றிரவு நீங்கள் தம்பலகாமம் வந்து சேர மாட்டீர்கள்.